மஞ்சள் காலுறை போட்ட காரியஸ்தன்

1602 பிப்ரவரி 2 அன்று லண்டனில் மிடில் டெம்பிள் மண்டபத்தில் விருந்து. சட்டம் படிக்கும் இளைஞர்கள் தங்கிப் படித்த இடம் அது, அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. விருந்தோடு ஒரு நாடகமும் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் இருந்த ஜான் மேனிங்ஹாம் என்ற மாணவர் தன் நாட்குறிப்பில் அதைப் பற்றிச் சில வரிகள் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ மேடையேறியதற்கு இப்போது நம் கையில் இருக்கும் முதல் சாட்சி அந்த வரிகள்தான். அதில் ஒரு தப்பு இருக்கிறது. ஒலிவியா என்ற சீமாட்டியை அவர் விதவை என்று எழுதிவிட்டார். ஒலிவியாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அண்ணன் செத்த துக்கத்தில் முகத்திரை போட்டுக்கொண்டு, ஏழு வருஷம் யார் கண்ணிலும் படமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். துக்க உடையைப் பார்த்து அவர் விதவை என்று முடிவு செய்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆள்மாறாட்டத்தைப் பற்றிய நாடகம் பார்க்க வந்தவரையே ஒரு உடுப்பு ஏமாற்றியிருக்கிறது.

ஆனால் அவருக்குப் பிடித்தது எது என்பதில் அவர் கண் தப்பவில்லை. அந்த நாடகத்தில் இரட்டையர் இருக்கிறார்கள், ஆண் வேஷம் போட்ட பெண் இருக்கிறாள், யார் யார் என்று தெரியாமல் வாளை உருவிச் சண்டைக்கு நிற்கிறார்கள். இரட்டையர் கதையை ரோமானிய நாடகத்தோடும் இத்தாலிய நாடகத்தோடும் ஒப்பிட்டுவிட்டு, நல்ல தந்திரம் என்று அவர் நின்று பேசுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். எஜமானி தன்னைக் காதலிக்கிறாள் என்று ஒரு காரியஸ்தனைப் பொய்க் கடிதம் எழுதி நம்பவைத்த விஷயம் அது. எலிசபெத் காலத்து நகைச்சுவை நாடகங்களைப் படிக்கப் படிக்க எனக்கும் அதுதான் உண்மையாகப் படுகிறது. இந்த நாடகங்களில் வேஷம் போட்டவர்கள் கொஞ்ச நேரம்தான் ஏமாற்றுகிறார்கள். தன் ஆசையாலேயே ஏமாறுகிறவர்களைத்தான் நாடகம் விடாமல் துரத்துகிறது, அவர்களில் பாதிப் பேர் எந்த வேஷமும் போடாதவர்கள்.

இது ஏன் அந்தக் காலத்து மேடையில் அவ்வளவு எடுபட்டது என்று புரிய, அப்போது துணி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். யார் எந்தத் துணி உடுத்தலாம் என்பது அன்றைக்குச் சட்டம். 1574-இல் எலிசபெத் ராணி ஓர் ஆணை போட்டார், ஊதா நிறப் பட்டு யாருக்கு, பொன் ஜரிகைத் துணி யாருக்கு, வெல்வெட் யாருக்கு என்று பதவி வாரியாகப் பட்டியல். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1571-இல், சாதாரண ஜனங்கள் ஆறு வயதுக்கு மேல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளிலும் கம்பளித் தொப்பி போட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம். இவற்றை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை, அப்படிக் கடைப்பிடித்திருந்தால் ஆணையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிய தேவை வந்திருக்காது. ஆனால் தெருவில் ஒருவன் எதிரே வந்தால் அவன் துணியைப் பார்த்துத்தான் ‘ஐயா’ போடுவதா ‘ஏய்’ போடுவதா என்று முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் நடிகன் மட்டும் எதிலும் அடங்காதவன். 1572 சட்டத்தின்படி, பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் சுற்றும் நடிகன் நாடோடித் திருடனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவன். அவனேதான் சாயங்காலம் மேடையில் ராஜா உடுப்பில் நிற்கிறான். அந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்பதை 1599-இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் எழுதிவைத்திருக்கிறார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல துணிமணிகளை வேலைக்காரர்களுக்கு எழுதிவைப்பார்களாம், வேலைக்காரர்கள் அதை உடுத்தினால் பொருந்தாது என்பதால் நாடகக்காரர்களுக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார்களாம். ஆக மேடையில் பிரபு வேஷம் என்றால் நிஜப் பிரபுவின் நிஜச் சட்டை. பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு கிளர்ச்சி இருந்திருக்க வேண்டும், சட்டையை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறானே, அப்படியென்றால் பெரிய மனிதர்களிடம் சட்டையைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காமலே மேடை கேட்டுவிடுகிறது.

சரி, மாறுவேடம் எப்படி வேலை செய்தது? அதற்கு இரண்டு விதிகள் இருந்தன. வேஷம் போட்டவரை மேடையில் இருக்கிற யாருக்கும் அடையாளம் தெரியாது, பெற்ற அப்பாவுக்கே தெரியாது. அரங்கில் இருக்கிற எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ‘பன்னிரண்டாம் இரவின்’ நாயகி வயோலா கப்பல் உடைந்து கரையேறிய காட்சியிலேயே, நாடகம் தொடங்கிச் சில நிமிஷங்களில், ‘நான் ஆண் வேஷம் போட்டு இந்த ஊர்க் கோமகனிடம் வேலைக்குச் சேரப்போகிறேன்’ என்று மாலுமித் தலைவனிடம் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம், மேடையில் நிற்பவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ‘என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒருவரைக் காதலித்தாள், வாய் திறந்து சொல்லவே இல்லை’ என்று தான் காதலிக்கும் கோமகன் ஆர்சினோவிடமே அவள் சொல்லும் இடத்தில் மேடையில் எதுவும் நடக்கவில்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஆனால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ரகசியம் நம் கையில் இருப்பதால் வருகிற சுகம் அது. இந்த விதியை ஷேக்ஸ்பியர் காலத்து இன்னொரு நாடகாசிரியரான பென் ஜான்சன் பின்னால் வேண்டுமென்றே உடைத்தார். ராணி காலமாகிச் சில வருஷம் கழித்து, 1609-இல் வந்த அவருடைய ‘எபிசீன்’ நாடகத்தில் மணப்பெண் ஒரு பையன் என்பது கடைசி நிமிஷம்வரை பார்ப்பவர்களுக்கும் தெரியாது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை பார்க்கும்போது திடுக்கிடலாம், இரண்டாம் முறை அது கிடைக்காது. வயோலாவின் காட்சி பத்தாம் முறையும் கிடைக்கிறது.

இதே ஜான்சன் இரட்டையர் விஷயத்தில் ரொம்பக் கறார். பிளாட்டஸ் எழுதிய ரோமானிய நாடகம் ஒன்றைத் தழுவி எழுத நினைத்தாராம், ஆனால் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற இரண்டு நடிகர்கள் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டதாக நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஷேக்ஸ்பியர் இதைப் பற்றிக் கவலையே படவில்லை. பிளாட்டஸில் ஒரு ஜோடி இரட்டையர் இருந்த இடத்தில் ‘பிழைகளின் நகைச்சுவை’யில் இரண்டு ஜோடி வைத்தார், எஜமானர்கள் இருவர், அவர்களுடைய வேலைக்காரர்கள் இருவர். ‘பன்னிரண்டாம் இரவில்’ இன்னும் துணிச்சல், ஒருவர் பெண் ஒருவர் ஆண். மருத்துவப்படி அவர்கள் அச்சு அசலாக இருக்க முடியாது. ஆனால் இருவருக்கும் ஒரே உடுப்பு, வயோலாவே சொல்கிறாள், தன் கூடப்பிறந்தவன் உடுத்திய அதே மாதிரி, அதே நிறம், அதே அலங்காரம் என்று. அது போதும். ‘ஒரே முகம், ஒரே குரல், ஒரே உடை, இரண்டு ஆட்கள்’ என்று கடைசியில் ஆர்சினோ வியக்கும்போது மேடையில் உண்மையில் ஒன்றாக இருந்தது உடை மட்டும்தான். மீதியை நாம் நம்பிக்கொள்கிறோம்.

ஷேக்ஸ்பியருக்கே இரட்டைக் குழந்தைகள் உண்டு, ஹாம்னெட், ஜூடித். அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1585 பிப்ரவரி 2, மேனிங்ஹாம் நாடகம் பார்த்ததற்குச் சரியாகப் பதினேழு வருஷம் முன்னால். பையன் ஹாம்னெட் 1596-இல் பதினோரு வயதில் இறந்துவிட்டான். கடலில் செத்துப்போனான் என்று நினைத்த இரட்டைச் சகோதரன் உயிரோடு வந்து நிற்கும் காட்சியை அதற்கு அப்புறம் எழுதியிருக்கிறார். இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் காட்சியை இந்தத் தகவல் தெரியாதது போல என்னால் படிக்க முடிவதில்லை.

மேடையில் பெண்கள் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1660-இல்தான் லண்டன் பொது அரங்குகளில் நடிகைகள் வந்தார்கள். அதுவரை பெண் வேஷம் எல்லாம் குரல் உடையாத பையன்கள்தான். ஷேக்ஸ்பியரின் ‘விரும்பியபடி’ நாடகத்தில் ரோசலிண்ட் ஆண் வேஷம் போட்டுக் காட்டுக்குப் போகிறாள், அங்கே தன் காதலனையே சந்தித்து, ‘என்னை ரோசலிண்ட் என்று நினைத்துக்கொண்டு காதல் பேசிப் பழகு’ என்கிறாள். ஒரு பையன் பெண்ணாக, அந்தப் பெண் ஆணாக, அந்த ஆண் மறுபடி பெண்ணாக. எழுதினால் தலை சுற்றுகிறது, மேடையில் துளிக்கூடக் குழப்பம் வராது. நாடகம் முடிந்ததும் அதே பையன் முன்னால் வந்து, ‘நான் பெண்ணாக இருந்தால் உங்களில் எனக்குப் பிடித்த மாதிரி தாடி வைத்திருக்கிற எல்லாரையும் முத்தமிடுவேன்’ என்று கூட்டத்திடம் சொல்கிறான். இதைத்தான் ஃபிலிப் ஸ்டப்ஸ் போன்ற மதக் கண்டிப்பாளர்கள் வெறுத்தார்கள். ஆணின் உடையைப் பெண்ணும் பெண்ணின் உடையை ஆணும் உடுத்தக்கூடாது என்று பைபிளின் உபாகமத்தில் இருக்கிறது, உடை என்பது நீ யார் என்று கடவுள் கொடுத்த அடையாளம், அதை மாற்றினால் ஆளையே கெடுக்கிறாய் என்பது அவர்கள் வாதம். அவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. உடைக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதில் அவர்களும் நாடகக்காரர்களும் ஒரே கட்சி.

நம் பாய்ஸ் கம்பெனிகளையும் ஸ்திரீபார்ட் நடிகர்களையும் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ரோசலிண்ட் கதையைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘விரும்பிய விதமே’ என்று தமிழில் தந்தார், அவருடைய சுகுண விலாச சபையிலும் பெண் வேஷம் கட்டியவர்கள் ஆண்கள்தான். வயோலாவின் கதை 1949-இல் ‘கன்னியின் காதலி’ என்று படமாக வந்தது, கண்ணதாசன் முதல்முதலில் பாட்டு எழுதிய படம்.

இப்போது முட்டாள்தனத்துக்கு வருவோம். ‘பிழைகளின் நகைச்சுவை’யில் என்னை எப்போதும் நிறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. சிராகூஸிலிருந்து வந்த அந்திபோலஸ் எபேசு நகரத்துக்கு வந்ததே காணாமல்போன தன் இரட்டைச் சகோதரனைத் தேடித்தான். வந்து இறங்கினால் முன்பின் தெரியாத ஒரு பெண் ‘ஏங்க, சாப்பிட வாங்க’ என்று வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், தட்டான் வந்து தங்கச் சங்கிலியைக் கையில் திணிக்கிறான், தெருவில் எல்லாரும் பெயர் சொல்லிக் கும்பிடு போடுகிறார்கள். தேடி வந்த ஆள் இந்த ஊரில்தான் இருக்கிறான் என்று ஒரு நிமிஷமாவது தோன்ற வேண்டாமா? தோன்றவே இல்லை. இது சூனியக்கார ஊர் என்று முடிவு செய்து வாளை உருவிக்கொண்டு ஓடுகிறான். எதைத் தேடுகிறோமோ அது முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது பார்க்கத் தெரியாமல் போவது கதையின் ஓட்டை என்று சில விமர்சகர்கள் சொல்லலாம். எனக்கு அது மனிதர்களைப் பற்றிய மிகச் சரியான கவனிப்பாகத்தான் தெரிகிறது. இந்த நாடகத்தை 1594 டிசம்பர் 28-இல் கிரேஸ் இன் என்ற இன்னொரு சட்டக்கல்லூரியின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் போட்டபோது கூட்டம் தாங்காமல் மேடையே நிரம்பி வழிந்து, கௌரவ விருந்தாளிகள் கோபித்துக்கொண்டு கிளம்பி, ஒரே ரகளை. அந்த ராத்திரிக்கே ‘பிழைகளின் இரவு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒலிவியா கதையும் இப்படித்தான். ஏழு வருஷத் துக்கம் என்று சபதம் போட்டவள், ஆர்சினோவின் தூதனாக வந்த செசாரியோவை, அதாவது ஆண் வேஷத்தில் இருக்கிற வயோலாவை, ஒரே சந்திப்பில் காதலித்துவிடுகிறாள். பின்னாலேயே ஆளை அனுப்பி, ‘நீ விட்டுப்போன மோதிரம்’ என்று ஒரு மோதிரத்தைக் கொடுக்கச் சொல்கிறாள். வயோலா தெருவில் தனியாக அந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் இந்த மாதிரி நாடகங்களிலேயே மிக அழகான இடங்களில் ஒன்று. ‘நான் எந்த மோதிரத்தையும் விடவில்லையே’ என்று தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்து, அவள் பார்த்த பார்வை, தட்டுத்தடுமாறிய பேச்சு என்று ஞாபகப்படுத்தி, ஐயோ பாவம், அவள் ஒரு கனவைக் காதலித்திருக்கலாமே என்கிறாள். வேஷம் போட்டவளுக்கே வேஷத்தின் மேல் பயம் வருகிறது. சிரிப்பு நின்று, யாரோ ஒருத்திக்கு இதில் நிஜமாக வலிக்கப்போகிறது என்று அரங்கத்துக்கு உறைக்கிறது.

அந்த மோதிரத்தைக் கொண்டுவந்து கொடுக்காமல் தரையில் வீசிவிட்டுப் போனவன்தான் மல்வோலியோ, ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன். கழுத்தில் பதவிச் சங்கிலி, முகத்தில் சிரிப்பே கிடையாது, வீட்டில் யாரும் குடிக்கக்கூடாது பாடக்கூடாது. அவனுக்கு வைத்த பொறியை நெருங்கிப் பார்க்க வேண்டும். தோழி மரியாவின் கையெழுத்து எஜமானி கையெழுத்து மாதிரியே இருக்கும், அதில் ஒரு காதல் கடிதம் எழுதி அவன் வரும் வழியில் போட்டுவிட்டுச் செடி மறைவில் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். அவன் வருகிறான். கடிதம் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. அதற்குள்ளாகவே, தானாகவே, ‘மல்வோலியோ பிரபு!’ என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமாகி மூன்று மாசம் ஆனதாகவும், பூவேலை செய்த வெல்வெட் அங்கியில் உட்கார்ந்து வேலைக்காரர்களைக் கூப்பிட்டு அனுப்புவதாகவும் கனவு. வெல்வெட் என்பது அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் போடுகிற துணி இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனவில், ‘என் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், இல்லாவிட்டால் என்னுடைய...’ என்று இழுத்து ஒரு கணம் நின்று, ‘ஏதாவது விலையுயர்ந்த நகையைத் தடவிக்கொண்டிருப்பேன்’ என்று முடிக்கிறான். அந்த நிறுத்தத்தில் நடிகனின் கை பழக்கதோஷத்தில் கழுத்துச் சங்கிலிக்குப் போய், பிரபுவான பிறகு அது இருக்காதே என்று உறைத்துத் திரும்பும். அப்படித்தான் பலரும் அந்த இடத்தை வாசித்திருக்கிறார்கள், எனக்கும் வேறு மாதிரி வாசிக்கத் தெரியவில்லை.

அப்புறம் கடிதம் கிடைக்கிறது. அதில் ‘எம், ஓ, ஏ, ஐ’ என்று நாலு எழுத்து, அதுதான் காதலனின் பெயராம். அவன் யோசிக்கிறான். எம்மில் தொடங்குகிறது, என் பெயரும் அதில்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்து ஏ வர வேண்டும், ஓ வருகிறதே. வரிசை ஒத்துவரவில்லை என்று அவனுக்கே தெரிகிறது. கொஞ்சம் அழுத்தினால் என் பக்கம் வளைந்துவிடும் என்கிறான், எல்லா எழுத்தும் என் பெயரில் இருக்கின்றனவே என்கிறான். மரியா செய்தது பாதி வேலைதான், மீதியை அவனே செய்துகொள்கிறான். மஞ்சள் காலுறை போட்டு, குறுக்கே வார் கட்டி, எப்போதும் சிரித்தபடி வா என்று கடிதம் சொல்கிறது. எஜமானிக்கு அந்த நிறமும் பிடிக்காது அந்த வாரும் பிடிக்காது, அவள் துக்கத்தில் வேறு இருக்கிறாள். அவன் அப்படியே போய் நிற்கிறான். வார் இறுக்கி ரத்தம் ஓட மாட்டேன் என்கிறது என்று அவளிடமே சொல்கிறான், பல்லைக் காட்டிக்கொண்டே. பைத்தியம் பிடித்துவிட்டது என்று இருட்டறையில் போட்டு அடைக்கிறார்கள்.

இந்த வீட்டில் ஏமாறாதவன் ஒருவன் உண்டு, சம்பளத்துக்குக் கோமாளியாக இருக்கிற ஃபெஸ்டே. இந்த வேஷத்தைக் கட்டியவர் ராபர்ட் ஆர்மின் என்று நம்பப்படுகிறது. அவருக்கு முன்னால் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் இருந்த வில் கெம்ப் உடம்பால் சிரிக்கவைப்பவர், 1599 வாக்கில் குழுவை விட்டுப்போய், 1600-இல் லண்டனிலிருந்து நாரிச்வரை ஆடிக்கொண்டே போனவர், ஆடிய நாட்கள் ஒன்பது. ஆர்மின் தட்டாரிடம் தொழில் பழகியவர், பாடத் தெரிந்தவர், கோமாளிகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் வந்த பிறகு ஷேக்ஸ்பியரின் கோமாளிகளுக்கு மூளை கூடிவிட்டது. ரோசலிண்டோடு காட்டுக்குப் போகும் கோமாளியின் பெயர் டச்ஸ்டோன், அதாவது உரைகல், தட்டார் பட்டறையில் தங்கத்தை உரசிப் பார்க்கிற கல். தங்கமா பித்தளையா என்று அந்தக் கல்லுக்குத் தெரியும். ஃபெஸ்டே செய்வதும் அதுதான். ‘எதற்கு அம்மா துக்கம்?’ என்று ஒலிவியாவைக் கேட்கிறான். அண்ணன் செத்ததற்கு என்கிறாள். ‘அவர் ஆத்மா நரகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.’ ‘சொர்க்கத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும், மூடனே.’ ‘சொர்க்கத்தில் இருக்கிற ஆத்மாவுக்காகவா அழுகிறீர்கள்? அப்போது மூடர் நீங்கள்தான். இந்த மூடரைக் கூட்டிக்கொண்டு போங்கப்பா.’ சீமாட்டி கோபித்துக்கொள்ளவில்லை, ரசிக்கிறாள். பக்கத்தில் நின்ற மல்வோலியோதான் கோபப்படுகிறான்.

அந்த ஃபெஸ்டேவும் ஒரு தடவை வேஷம் போடுகிறான். இருட்டறையில் கிடக்கும் மல்வோலியோவைப் பார்க்கப் பாதிரியார் அங்கியும் பொய்த் தாடியும் வைத்துக்கொண்டு போகிறான். உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். முடிந்ததும் மரியா சொல்கிறாள், தாடியும் அங்கியும் இல்லாமலே இதைச் செய்திருக்கலாமே, அவன்தான் உன்னைப் பார்க்கவே இல்லையே என்று. ஷேக்ஸ்பியர் இந்த வரியைத் தெரிந்தே வைத்திருக்கிறார். பாதிக்கப்படுகிறவன் பார்க்காத வேஷம் யாருக்காக? நமக்காக, பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டத்துக்காக. உள்ளிருந்து அவன் ‘எனக்குப் பைத்தியம் இல்லை, இங்கே இருட்டாக இருக்கிறது’ என்று கத்துகிறான். அந்த இடத்தில் என் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

கடைசியில் இரட்டையர் நேருக்கு நேர் நிற்கிறார்கள், ஜோடிகள் சேர்கின்றன. ஆனால் வயோலா இன்னும் ஆண் உடையில்தான் இருக்கிறாள். அவளுடைய பெண் உடைகள் அந்த மாலுமித் தலைவனிடம் இருக்கின்றன, அவனோ சிறையில், வழக்குப் போட்டு உள்ளே தள்ளியவன் மல்வோலியோ. ‘உங்கள் கூட்டத்தையே பழிவாங்குவேன்’ என்று சொல்லிவிட்டு மல்வோலியோ வெளியேறிவிட்டான். யாராவது போய் அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிவாருங்கள், மாலுமி விஷயத்தை அவன் இன்னும் சொல்லவில்லையே என்கிறார் ஆர்சினோ. அவன் திரும்பி வருவதை நாம் பார்ப்பதில்லை. ஆர்சினோ தன் வருங்கால மனைவியை அப்போதும் ‘செசாரியோ, வா’ என்றுதான் கூப்பிடுகிறார். எல்லாரும் போன பிறகு மேடையில் ஃபெஸ்டே மட்டும் நின்று, தினம் தினம் மழை பெய்கிறது என்று ஒரு பாட்டுப் பாடுகிறான்.